எதிர்நோக்கும் ஒரு தொடரின் வரலாறு

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிலே குடியேறி வாழும் தமிழரின் வாழ்க்கையில் கடிதம் பெற்றிருந்த இடம் மிகப் பெரிது. வீட்டுக்குத் தமிழிலும் அலுவலகத்திற்கு ஆங்கிலத்திலுமாக அவர்கள் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. 1837ஆம் ஆண்டில் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையையும் தட்டெழுத்தையும் பயின்று, அவ்விரு கலைகளையே முதலாகக் கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இரயிலேறிய தமிழ் இளைஞர் பல்லாயிரவர். அவர்கள் கற்றுக்கொண்ட ஆங்கிலம் பெரும்பாலும் கடித ஆங்கிலமே. அக்கடிதங்களின் இறுதியிலே தவறாமல் வந்து நின்ற தொடர்களுள் ஒன்று, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பது. தாளும் மையும் போய் மின்னஞ்சல் வந்த பின்னரும் அத்தொடர் போகவில்லை. முன்னினும் மிகுதியாகவே வழங்குகிறது.

வழக்கு மிகுந்த அளவிற்குப் பிழையும் மிகுந்துள்ளது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுவோர் பலர். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே ஆங்கிலத்தின் ஏற்புடைய வழக்கு. ‘டு’ என்னும் சொல்லுக்குப் பின் ‘மீட்’ வருவதா, ‘மீட்டிங்’ வருவதா என்பது மேலோட்டமாக நோக்குவார்க்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அச்சிறிய வேறுபாட்டிற்குள் ஆங்கில மொழியின் ஆயிரம் ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அவ்வரலாற்றைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு காணப் புகுவார்க்கு, அயல்மொழியின் புதிர் தம் தாய்மொழியிலேயே விடையுடன் இருப்பது புலனாகும். அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணும் காலமும்

இன்னும் வாராத ஒன்றைக் கண்ணால் காண இயலாது. எனினும், வரவிருப்பதைக் குறிக்க மாந்தர் கண்ணின் தொழிலையே கடன் வாங்கியுள்ளனர். ஆங்கிலத்தில் ‘லுக்’ என்பது பார்த்தல். ‘ஃபார்வர்ட்’ என்பது முன்புறம். முன்புறம் பார்த்தலே ஆங்கிலேயர்க்கு ஆவலுடன் காத்திருத்தலாயிற்று. தமிழிலும் எதிர்பார்த்தல், எதிர்நோக்கல், வழிபார்த்தல், வழிமேல் விழி வைத்தல் என எல்லாம் கண்ணின் தொழில்களாகவே அமைந்துள்ளன.

ஒற்றுமையின் ஊடே ஒரு நுண்ணிய வேறுபாடும் உண்டு. ஆங்கிலத் தொடரில், பார்ப்பவன் நடந்து செல்லும் திசையிலே அவன் பார்வை நீள்கிறது. தமிழ்ச் சொல்லிலோ, வருவது நம்மை நாடி எதிரே வருகிறது. தொல்காப்பியர் காலம் மூன்றனுள் வருங்காலத்தை ‘எதிர்வு’ என்றே வழங்கினார். எதிர்காலம் என்பது, நாம் சென்று அடையும் காலம் என்பதைவிட, நம் எதிரே வந்துகொண்டிருக்கும் காலம் என்றே பொருள்படும். விருந்தினரை எதிர்கொள்வது போல நாளையையும் நாம் எதிர்கொள்கிறோம்.

இதனால் ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. இக்கால மொழிபெயர்ப்புகளிலும் விளம்பரங்களிலும் ‘உங்கள் வருகையை முன்னோக்கிப் பார்க்கிறோம்’ என்பது போன்ற தொடர்கள் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. இது தமிழன்று. தமிழில் ‘முன்’ என்னும் சொல் இடத்தைக் குறிக்கும்பொழுது எதிரே இருப்பதையும், காலத்தைக் குறிக்கும்பொழுது பெரும்பாலும் கடந்து போனதையும் உணர்த்தும். முன்னோர் என்பார் நமக்கு முன்பு வாழ்ந்து மறைந்தவர். முன்னொரு காலம் என்பது பழங்காலம். ஆங்கிலத்திலும் இவ்விரட்டைத் தன்மை இல்லாமல் இல்லை. முன்னோரைக் குறிக்கும் ‘ஃபோர்ஃபாதர்ஸ்’ என்னும் சொல்லிலும், ‘ஃபார்வர்ட்’ என்னும் சொல்லிலும் இருப்பது ‘ஃபோர்’ என்னும் ஒரே வேர்தான். ஒரே வேர் ஓரிடத்தில் இறந்த காலத்தையும் மற்றோரிடத்தில் வருங்காலத்தையும் சுட்டுகிறது. ஆயினும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழாக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ‘எதிர்நோக்குகிறோம்’ என்னும் ஒரு சொல் அதன் பொருள் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

தொடர் பிறந்த வரலாறு

ஆங்கிலேயர் எதிர்பார்த்தலைக் குறிக்கத் தொடக்கத்தில் ‘லுக் ஃபார்’ என்று கூறினர். இன்று அத்தொடருக்குத் தேடுதல் என்பதே பொருள். ஆனால் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பில் காத்திருத்தல், எதிர்பார்த்தல் என்னும் பொருள்களில் அது பயில்கிறது. ‘லுக் ஃபார்வர்ட்’ என்பது எதிர்பார்த்தல் என்னும் பொருளில் வழங்கத் தலைப்பட்டது ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எனலாம். அக்காலத்தில் அது நடுநிலையான தொடராகவே இருந்தது. வரவிருப்பது இன்பமாயினும் துன்பமாயினும் அதனை நோக்கியிருத்தலை அது குறித்தது. 1811 முதல் 1818 வரை வெளிவந்த ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் புதினங்களில் இத்தொடரைப் பலகாலும் காணலாம். மகிழ்வுடன் எதிர்நோக்கல் என்னும் இன்றைய சிறப்புப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைபெற்றது.

அதே காலப்பகுதியில்தான் கடிதப் போக்குவரத்திலும் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இலண்டனிலிருந்து புறப்பட்ட கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் இந்தியா வந்து சேர ஏறத்தாழ அரை ஆண்டு சென்றது. மறுமொழி போய்ச் சேர மீண்டும் அத்துணைக் காலம் ஆயிற்று. 1840இல் ரோலண்டு ஹில் என்பாரின் முயற்சியால் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தது. இந்தியாவில் 1854இல் தூரத்தைக் கருதாத ஒரே சீரான அஞ்சல் கட்டணம் ஏற்பட்டது. கால் தோலா எடையுள்ள கடிதத்தை அரையணாவிற்கு நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பலாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870இல் பிரிட்டனுக்கும் இந்தியாவிற்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இணைப்பு ஏற்பட்டது. செல்வரும் அதிகாரிகளும் மட்டுமே எழுதிவந்த கடிதத்தை எளிய மக்களும் எழுதலாயினர். மறுமொழி வரும் என்னும் நம்பிக்கை உறுதிப்பட்டது. நம்பிக்கை உறுதிப்பட்ட இடத்தில்தான் மறுமொழியை எதிர்நோக்கும் தொடருக்கும் தேவை மிகுகிறது.

அக்காலக் கடிதங்களின் முடிப்பு முறையையும் ஈண்டுக் கருத வேண்டும். கடிதத்தின் இறுதிப் பகுதி ஒரே நீண்ட வாக்கியமாக அமைந்திருந்தது. ‘தங்கள் மறுமொழியை எதிர்நோக்கி, நான், ஐயா, தங்கள் பணிவுள்ள ஊழியனாக இருக்கிறேன்’ என்னும் அமைப்பு அது. ‘ஐ ரிமெய்ன்’ என்னும் முற்றுவினை வந்து, ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்னும் எச்சத்தை முடித்துவைத்தது. பிற்காலத்தில் சுருக்கம் கருதி ‘ஐ ரிமெய்ன்’ விடப்பட்டது. எச்சம் மட்டும் தனியே எஞ்சி நின்றது. இன்று கடித இறுதியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு...’ எனத் தொடங்கும் வரி, தமிழ் இலக்கண நோக்கில், முடிக்கும் சொல் இல்லாத எச்சம். ஆகவேதான் முறையான அலுவலகக் கடிதத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ என முழு வாக்கியமாக எழுதுவது சிறந்ததென்பர். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பது சற்று நெருக்கமும் கனிவும் கொண்டது. நண்பர்க்கும் பழகியவர்க்கும் ஏற்றது.

தமிழ்க் கடிதத்தில் இக்குறை நேர்வதில்லை. ‘தங்கள் மறுமொழியை ஆவலுடன் எதிர்நோக்கும்’ என்று எழுதி, அதன்கீழ் ‘அன்பன்’ என்று ஒப்பமிடுகிறோம். ‘எதிர்நோக்கும்’ என்னும் பெயரெச்சம் ‘அன்பன்’ என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. திருமண அழைப்பிதழில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன்கீழ்ப் பெற்றோரின் பெயர் வருவதும் இம்முறையே. எழுதியவர் பெயரே வாக்கியத்தை நிறைவு செய்யும் இவ்வமைப்பின் அழகை நாம் நாள்தோறும் கண்டும் கருதாமல் இருக்கிறோம்.

‘டு’ என்னும் இரட்டைப் பிள்ளைகள்

இனி, ‘மீட்’, ‘மீட்டிங்’ என்னும் வழக்கிற்கு வருவோம். பிழைக்குக் காரணம் ‘டு’ என்னும் சிறு சொல். இன்றைய ஆங்கிலத்தில் உருவத்தால் ஒன்றாகவும் தொழிலால் வேறாகவும் இரண்டு ‘டு’க்கள் உள்ளன. ஒன்று பெயருக்கு முன்னே நின்று இடத்தையும் திசையையும் காட்டுவது: ‘டு மெட்ராஸ்’ என்றால் சென்னைக்கு. மற்றொன்று வினைக்கு முன்னே நிற்பது: ‘டு ஸிங்’ என்றால் பாட அல்லது பாடுதற்கு. முதலாவது நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வின் தொழிலைச் செய்கிறது, இரண்டாவது வினையெச்சத்தின் அடையாளமாக நிற்கிறது.

இவ்விரண்டும் தோற்றத்தில் ஒன்றே. கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பாடுதல் என்னும் வினைக்கு ‘ஸிங்கன்’ என்பது வடிவம். அதற்கு முன்னால் ‘டு’ வருவதில்லை; ‘அன்’ என்னும் ஈறே அதன் இலக்கணத்தைக் காட்டிற்று. நோக்கப் பொருளை உணர்த்த விரும்பியபொழுது அவ்வினைப் பெயரை நான்காம் வேற்றுமை ஈறு ஏற்கச் செய்து, அதன் முன் ‘டோ’ என்னும் முன்னிடைச் சொல்லைச் சேர்த்து ‘டோ ஸிங்கன்னே’ என்றனர். இதனைத் தமிழில் பெயர்த்தால் ‘பாடுதற்கு’ என்று அப்படியே வரும். பாடுதல் என்னும் தொழிற்பெயரும் ‘கு’ உருபும் சேர்ந்தது நம் சொல். பாடுதலைக் குறிக்கும் பெயரும் ‘டோ’வும் நான்காம் வேற்றுமை ஈறும் சேர்ந்தது அவர்தம் சொல்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதனை எண்ணியபொழுது ‘செய’ என்பதனுடன் ‘செயற்கு’ என்பதனையும் சேர்த்தே எண்ணினார். தொழிற்பெயருடன் ‘கு’ சேர்ந்த ஒரு வடிவம், வழக்கில் வினையெச்சமாகவே நிலைத்துவிட்டது என்பதை அவர் கண்டுகொண்டார் என்று இதனால் கொள்ளலாம். ஆங்கில ‘டு’வின் வரலாறும் இதே வழியில் நடந்தது. தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இதில் உறவோ கடனோ ஏதுமில்லை. நோக்கம் என்பதை ஒரு திசையாகக் கருதும் மாந்தர் மனம் இரண்டு மொழிகளிலும் ஒருபடித்தாகவே தொழிற்பட்டுள்ளது.

பின்னர் ஆங்கிலத்தில் ஈறுகள் தேயத் தொடங்கின. ‘அன்’ என்பது ‘என்’ ஆகி, ‘எ’ ஆகி, இறுதியில் ஒன்றுமின்றி ஒழிந்தது. வினையெச்சம் இன்னதென்று அடையாளம் காட்ட ஈறு இல்லாமற்போகவே, அதன் முன் நின்ற ‘டு’வே அடையாளமாயிற்று. நோக்கப் பொருள் அதனின்று மங்கியது. எந்த அளவிற்கு மங்கியதென்றால், நோக்கத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ என்னும் மற்றொரு சொல்லையும் கூட்டி ‘ஃபார் டு’ என்று கூறினர். 1400இல் மறைந்த கவிஞர் சாஸரின் பாடல்களில் இவ்வழக்கினைக் காணலாம். பிற்காலத்தில் பொதுவழக்கிலிருந்து அதுவும் நீங்கிற்று. இவ்வாறு வினையெச்சத்துடன் ஒட்டிய ‘டு’ ஒரு வழியே செல்ல, பெயருக்கு முன் நின்ற பழைய ‘டு’ தன் வேற்றுமைத் தொழிலை விடாமல் மற்றொரு வழியே வந்தது.

‘இங்’ என்னும் ஈறு

‘இங்’ ஈற்றின் கதையோ இதற்கு மறுதலை. அங்கே ஒன்று இரண்டாயிற்று. இங்கே இரண்டு ஒன்றாயின. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ ஈறாக இருந்தது. கற்றல் என்பதற்கு ‘லெயோர்னுங்’ என்றனர். பாடுகின்ற என்னும் பெயரெச்சப் பொருளுக்கு ‘எண்டே’ என்னும் வேறோர் ஈறு இருந்தது. அதனை ‘ஸிங்கெண்டே’ என்றனர். ஆங்கிலத்தின் உறவு மொழியாகிய ஜெர்மனில் இவ்விரண்டு ஈறுகளும் இன்றும் வேறுவேறாகவே உள்ளன. ஆங்கிலத்திலோ இடைக்காலத்தில் இரண்டும் மயங்கி ‘இங்’ என்னும் ஒரே வடிவம் கொண்டன. ஆகவே ‘ஸிங்கிங்’ என்னும் சொல் பாடுதல் எனவும் பாடுகின்ற எனவும் இருபொருள் தருகிறது. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

நம் தொடரிலேயே இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதில் ‘லுக்கிங்’ என்பது எச்சம். ‘மீட்டிங்’ என்பது தொழிற்பெயர். ‘எதிர்நோக்கி’ என்பது முன்னதற்கும், ‘சந்தித்தலை’ என்பது பின்னதற்கும் தமிழ். வடிவம் ஒன்றாக இருப்பதால் மயங்குதல் இயல்பே. தமிழில் வைத்துப் பார்த்தால் மயக்கம் நீங்கும்.

தமிழ் காட்டும் வழி

ஒருவன் தமிழில் எழுதும்பொழுது ‘தங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று எழுதுவான். ‘தங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று எழுதினால் அவன் செவியே அதனை மறுக்கும். ஏன்? எதிர்நோக்குதல் என்னும் வினை ஒரு செயப்படுபொருளை வேண்டுகிறது. எதனை எதிர்நோக்குகிறாய் என்னும் வினாவிற்கு விடை ஒரு பெயராக இருத்தல் வேண்டும். கடிதத்தை, விருந்தினரை, மழையை என்பன போலச் சந்திப்பதை என்று வரலாம். ‘சந்திக்க’ என்பது செயவென் எச்சம். அது வேற்றுமை ஏலாது. ஆகவே எதனை என்னும் வினாவிற்கு விடையாகாது.

ஆங்கிலத்தின் நிலையும் இதுவே. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் உள்ள ‘டு’ வினையெச்சத்தின் ‘டு’ அன்று. வேற்றுமைப் பொருளுடைய ‘டு’. பார்வை எங்கே சென்று பதிகிறது என்பதைக் காட்டுவது அது. பார்வை பதியும் இடம் ஒரு பொருளாகவோ செயலின் பெயராகவோ இருத்தல் வேண்டும். ‘டு மீட்’ என்று எழுதினால், சந்திக்கும் நோக்கத்திற்காக முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்னும் வேண்டாத பொருள் தோன்ற இடமாகிறது.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஐயுற்ற இடத்தில் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பார்க்க வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’ என்பது பொருந்துகிறது. பெயர் பொருந்தும் இடத்தில் வினை வரவேண்டுமாயின் அது ‘இங்’ ஈற்றுத் தொழிற்பெயராகவே வரவேண்டும். மாறாக, ‘ஐ வான்ட் டு’ என்பதன்பின் ‘யுவர் லெட்டர்’ என்று வைக்க இயலாது. ஆகவே அங்கே ‘ஐ வான்ட் டு மீட் யூ’ என்று வினையெச்சமே வரும்.

இச்சோதனை வேறு பல தொடர்களுக்கும் பயன்படும். ‘அப்ஜெக்ட் டு’, ‘அடிக்டட் டு’, ‘இன் அடிஷன் டு’ ஆகியவற்றின் பின்னும் தொழிற்பெயரே வரும். நம் நாட்டு அலுவலகக் குறிப்புகளில் மிகுதியாகப் பயிலும் ‘வித் எ வியூ டு’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன்பின் ‘இம்ப்ரூவிங்’ வரவேண்டிய இடத்தில் ‘இம்ப்ரூவ்’ என்று எழுதப்பட்ட கோப்புகள் எத்தனையோ. ‘யூஸ்டு டு’ என்பதோ இருவகையும் கொள்வது. ‘ஐ யூஸ்டு டு வாக்’ என்றால் முன்னாளில் நடப்பது வழக்கம் என்பது பொருள். ‘ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்’ என்றால் நடந்து பழகியவன் என்பது பொருள். ஓர் ஈற்றின் வேற்றுமையால் பொருளே வேறுபடுகிறது.

பிழை நம்முடையது மட்டுமன்று

இப்பிழையைச் செய்வோர் இந்தியர் மட்டுமே என்று கருதித் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டுவதில்லை. ஜெர்மானியரும் ஆங்கிலம் பயிலும்பொழுது இவ்விடத்தில் இடறுவதுண்டு. அவர்கள் மொழியில் ‘ஃப்ராயன்’ என்னும் மகிழ்தல் வினை ‘அவுஃப்’ என்னும் முன்னிடைச் சொல்லுடன் சேர்ந்து இப்பொருளைத் தருகிறது. அதன்பின் வினை வந்தால் ‘ட்ஸூ’ என்னும் அடையாளத்துடன் வினையெச்சமாகவே வரும். அந்த ‘ட்ஸூ’ ஆங்கில ‘டு’வின் உடன்பிறப்பு. தம் மொழிப் பழக்கத்தால் அவர்கள் ‘டு மீட்’ என்று எழுதிவிடுகின்றனர்.

ஆங்கிலேயரின் வழக்கும் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. ‘அக்கஸ்டம்டு டு’ என்னும் தொடரின்பின் 18ஆம் நூற்றாண்டில் வினையெச்சம் வருவதே பெருவழக்காக இருந்தது; பின்னர்ச் சிறிது சிறிதாக மாறி, 20ஆம் நூற்றாண்டில் ‘இங்’ ஈற்றுத் தொழிற்பெயரே பெருவழக்காயிற்று. ஆகவே இன்றைய விதி வானத்திலிருந்து இறங்கியதன்று, வழக்கு நிலைநிறுத்தியது. வழக்கே இலக்கணத்திற்கு அடிப்படை என்பது தமிழ் மரபிற்கும் உடன்பாடான கொள்கையே.

நமக்கு ஆங்கிலம் வந்த வழியையும் இங்கே நினைத்தல் வேண்டும். 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் கல்விக் குறிப்பினை எழுதினார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், அவற்றையடுத்து 1930களில் வந்த ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் பள்ளி இலக்கணமும் தலைமுறை தலைமுறையாக நம் மாணவர்க்கு ஆங்கிலம் பயிற்றின. மாணவன் முதலில் மனப்பாடம் செய்தது ‘டு கோ’, ‘டு கம்’, ‘டு ஸீ’ என்னும் வரிசை. ‘டு’ கண்டவுடன் வினையின் பகுதியை எழுதும் பழக்கம் அவன் கையில் ஊறிவிட்டது. இன்ன வினைக்குப்பின் இன்ன வடிவம் வரும் என்பதை அயல்மொழியினர்க்கென்றே தொகுத்துக் காட்டும் அகராதி பிற்பட்டே வந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பார் உடன் உழைத்தாருடன் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. அதன் சிறப்பே வினைகளின் தொடரமைப்பை வகைப்படுத்திக் காட்டியதுதான். பிறமொழியினர் எங்கே இடறுவர் என்பதை அவர்களுக்கு நடுவே வாழ்ந்தவர்தாம் அறிய முடிந்தது.

எதிர்பார்த்தலும் எதிர்நோக்கலும்

பிழைகளுள் ஈறு பற்றியது ஒன்று. தொனி பற்றியது மற்றொன்று. பின்னதே பெரிது என்பது என் துணிபு. தமிழில் ‘எதிர்பார்க்கிறேன்’ என்னும் சொல் ஆவலையும் குறிக்கும், உறுதியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவை இரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. ‘எக்ஸ்பெக்ட்’ என்பது நிகழும் என்று கருதுதல். சில இடங்களில், நிகழ்ந்தாக வேண்டும் எனக் கட்டளையிடுதல். ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று வேலை வேண்டி விண்ணப்பித்தவர் எழுதினால், மறுமொழி தந்தே தீரவேண்டும் என மேலாளர்க்கு ஆணையிடுவது போல் ஆகும். எழுதியவர் நெஞ்சில் இருந்தது பணிவும் ஆவலும். படித்தவர் கண்ணில் பட்டது அதிகாரம். எழுதியவர் அருகே நின்று விளக்கம் தர வழியில்லை என்பதே கடிதத்தின் இடர்ப்பாடு.

‘அவெய்ட்’ என்பது வெறுங் காத்திருத்தல். அதில் மகிழ்ச்சிக் குறிப்பில்லை. அதனுடன் ‘ஃபார்’ சேர்த்து ‘அவெய்ட்டிங் ஃபார்’ என்பதும், ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார்’ என்பதும் ‘வெயிட் ஃபார்’, ‘லுக் ஃபார்’ என்பவற்றோடு மயங்கியதால் வந்த பிழைகள். ‘ஆன்டிசிபேட்’ என்னும் சொல், ‘முன்னதாகப் பற்றுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது; வருவதை அறிந்து முன்கூட்டியே செயற்படுதல் அதன் முதற்பொருள். அதனை எதிர்பார்த்தல் என்னும் பொருளில் வழங்குவதை, 1926இல் ஆங்கில வழக்கு அகராதி வெளியிட்ட ஃபௌலர் போன்ற அறிஞர் ஏற்கவில்லை. இன்று அவ்வழக்குப் பரவிவிட்டது. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்கோ மகிழ்ச்சி உடன்பிறந்தது. ஆகவே இரங்கற் கடிதத்திலும் கடன் கேட்டு நெருக்கும் கடிதத்திலும் அதனை எழுதுதல் பொருந்தாது.

காத்திருத்தலின் நிறங்களைப் பிரித்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் திரும்புவான் என ஆற்றியிருத்தலை ‘இருத்தல்’ என முல்லைக்கு உரிப்பொருளாக்கினர் நம் முன்னோர். ஆற்றாது வருந்துதலை ‘இரங்கல்’ என நெய்தலுக்கு உரியதாக்கினர். வள்ளுவர் ‘அவர்வயின் விதும்பல்’ எனத் தனி அதிகாரமே வகுத்து, வழிபார்த்து ஒளியிழந்த கண்ணையும், அவர் சென்ற நாட்களைக் குறித்த புள்ளிகளைத் தொட்டெண்ணித் தேய்ந்த விரலையும் காட்டினார். காத்திருத்தலின் வகைகளை இத்துணை நுண்மையாகப் பகுத்த மரபில் வந்தவர்க்கு, ‘எக்ஸ்பெக்ட்’டுக்கும் ‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்கும் உள்ள வேறுபாடு எட்டாததன்று.

செம்மை ஏன் வேண்டும்?

‘ஆங்கிலம் நமக்கு அயல்மொழி, அதில் ஓர் ஈறு தவறினால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்பார் உளர். பொருள் விளங்கினால் போதாதா என்பது அவர்தம் வாதம். இந்திய ஆங்கிலத்திற்கெனத் தனி உரிமை உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக இந்தியாவில் வழக்குப்பெற்ற ‘ப்ரீபோன்’ என்னும் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சொல் ஒரு தேவையை நிறைவேற்றியது, ஆதலால் நின்றது. ஆனால் ‘டு மீட்’ என்பது புதுப்பொருள் எதனையும் தரவில்லை. இரண்டு ‘டு’க்களை மயங்கக் கொண்டதால் மட்டுமே வந்தது. இவ்விரண்டையும் ஒருதன்மையவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மேலும், 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் 1965க்குப் பின்னரும் மைய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்வதற்கு இடமளித்தது. பல மொழியினர் கூடி வாழும் நகரங்களில் தமிழர் தம் அண்டை வீட்டாரோடும் மேலதிகாரியோடும் எழுத்தால் உறவாடுவதற்கு இன்றும் ஆங்கிலமே பெரிதும் துணையாகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனைத் தேர்வாளர் நேரில் காண்பதற்கு முன் அவன் கடிதத்தையே காண்கிறார். அக்கடிதத்தின் கடைசி வரியே அவர் மனத்தில் நிற்பது. அந்த ஒரு வரியில் ஓர் ஈற்றைத் திருத்திக்கொள்ள ஐந்து நிமிடம் போதுமெனில், அதனைச் செய்யாதிருப்பது பெருமையன்று.

ஆயினும் பிழை செய்தாரை எள்ளி நகையாடுதல் அறமன்று. ஒருவன் இரண்டாம் மொழியிலோ மூன்றாம் மொழியிலோ தன் ஆவலைச் சொல்ல முற்படுகிறான். அவன் சொல்லில் ஈறு தவறினும் நெஞ்சில் ஆவல் தவறவில்லை. திருத்துவோர் அந்த ஆவலை மதித்துத் திருத்துதல் வேண்டும். தமிழில் ‘முன்னோக்கிப் பார்க்கிறோம்’ என்று எழுதுவாரையும் அவ்வாறே அன்புடன் திருத்துதல் நம் கடமை. அயல்மொழியில் ஓர் ஈறு பிசகுவதற்கு நாணும் நம்மவர், தாய்மொழியில் ஒரு தொடரே பிசகுவதைக் கண்டு நாணாதிருப்பது விந்தையே.

பிற மாநிலங்களில் பிறந்து வளரும் நம் சிறார்க்குத் தமிழ் இலக்கணம் எதற்கு என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. ‘செய’ என்பதற்கும் ‘செய்தலை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் தெளிந்த சிறுவனுக்கு ‘டு மீட்’, ‘டு மீட்டிங்’ என்னும் சிக்கலை ஒரு வரியில் விளக்கிவிடலாம். தமிழில் அதனை அறியாத சிறுவனோ ஆங்கிலத்தில் அதனை விதியாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். தாய்மொழி இலக்கணம் பிறமொழிக் கல்விக்குத் தடையன்று, திறவுகோலே ஆகும். சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளில் இவ்வாறு இரு மொழிகளையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் முறையைச் சிறிதேனும் கையாளுவார்களாயின், சிறார் இரண்டு மொழிகளிலும் பிழையற எழுதுவர். அந்த நன்னாளை நாம் எல்லோரும் ஆவலுடன் எதிர்நோக்குவோமாக.